நாயினாவும் அவருடைய கயிறு வண்டியும்

மண் தோண்டும் இயந்திரத்துக்கு முத்தம் கொடுத்த மனிதர் இந்தப் பூமியில் நாயினா ஒருவராகத்தான் இருப்பார். 1991இல் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குக் கடைக்கால் தோண்டிய இடத்தில் அவர் ஆபரேட்டர்; நான் குமாஸ்தா. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் புழங்கவில்லை.

அவர் வண்டி, இரும்புக் கயிற்றால் பக்கெட்டைத் தூக்கி மண் அள்ளும் பழங்காலத்து ஆசாமி. புத்தம்புது ஹைட்ராலிக் வண்டி பக்கத்தில் வந்து நின்றபோது மூக்கைச் சுளித்தார். “இன்னாம்மா இது? எண்ணெ பைப்பு ஒண்ணு புட்டுகினா கைய தொங்கப் போட்டுகினு நிக்கும். என்னுதுல லீவரப் புடிச்சா, கீழ மண்ணா கல்லான்னு உள்ளங்கைக்கே தெரியும்!”

கான்ட்ராக்டர் அந்தப் பழைய வண்டியின் லீவர்களுக்குப் பிளாஸ்டிக் குமிழ் மாட்டினார். நாயினா அன்றைக்கே குப்பையைக் கிளறிப் பழைய மரக்குமிழ்களை மீட்டுவிட்டார். வண்டிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். கதவோரம் சுரண்டி, அடியில் இருந்த பச்சையை வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினார். “பொறக்கசொல்ல இந்தக் கலரு!”

என் மகள் அவருக்கு ரசிகையாகும் வரை எனக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. பள்ளி விட்டதும் நேரே அங்கே ஓடுவாள். பதினாறாம் வாய்ப்பாடு கேட்டால் விழிப்பாள். பக்கெட்டுக்கு எத்தனை பல் என்றால் தூக்கத்திலும் சொல்வாள். ‘எனக்குப் பிடித்தவர்கள்’ என்று கட்டுரை எழுதினாள். முதலில் நாயினா, அடுத்து வண்டி, மூன்றாவது அம்மா. இரும்புக்கும் பின்னால் நான்! வயிறு எரிந்தது.

“இனிமே அந்த வண்டிகிட்ட போனே, கால ஒடிச்சிடுவேன்” என்றேன் ஒரு சனிக்கிழமை. முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாப்பாட்டு நேரம் முடிந்து லாரிகள் வரிசையில் நின்றன. நாயினாவோ ஏறுவதற்கு முன் வழக்கம்போல் வண்டியைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்.

“கோயில் சுத்தினது போதும் நாயினா, ஏறி எடுங்க!” என்று கத்தினேன். லாரிக்காக அல்ல, எரிச்சலில்தான்.

“இரும்மா. மேல குந்திகினா இதோட முதுகு தெரியாது. செஞ்சவனே அப்பிடித்தான் செஞ்சிகீறான். எறங்கித்தான் பாக்கணும்.”

வண்டி திரும்பும்போது, பக்கெட்டின் பாரத்துக்கு ஈடாகப் பின்பக்கம் வைத்த இரும்புப் பாளம் ஒரு சுவரையே வீசியதுபோல் வரும். அந்தப் பக்கம் போய் மறைந்தவரின் குரல் மட்டும் கேட்டது. “பாப்பா, இங்க இன்னாத்துக்கு குந்திகினு கீற?”

ஓடினேன். பாளத்தின் நிழலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு என் மகள். என் கண்ணில் படாத இடம் என்று ஒளிந்திருக்கிறாள்.

அவர் என் பேச்சைக் கேட்டு, ஏறி வண்டியைத் திருப்பியிருந்தால்?

நாயினாவுக்கோ கவலை வேறு. “வண்டிய ஒண்ணும் திட்டாதம்மா. நல்ல வண்டிம்மா.”

மகள் என்னிடம் வரவில்லை. அவருடைய கிரீஸ் படிந்த சட்டையின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தச் சட்டையின் இன்னொரு கை சும்மாதான் இருந்தது. அதை நான் பிடித்துக்கொண்டேன்.