அதிகாலை அப்பம் குழுவில் சேர்ந்த புலி

ஒரு காட்டில் மூங்கில் புதருக்குப் பின்னால் ஒரு செல்போன் டவர் நின்றது. வெயில் அடித்தால் மூன்று கோடு காட்டும், மேகம் வந்தால் ஒரு கோடு, உச்சியில் காக்கை உட்கார்ந்தால் அதுவும் போய்விடும். அந்தக் காட்டில் கிருபைராஜ் என்ற கழுதையார் ‘அதிகாலை அப்பம்’ என்றொரு வாட்ஸ்அப் குழு நடத்திவந்தார். தம் மூதாதை ஒருவர் ஆண்டவரையே முதுகில் சுமந்து ஊருக்குள் போனவர் என்பதில் அவருக்குப் பெருமை அதிகம். இவர் சுமந்ததெல்லாம் அழுக்கு மூட்டைதான், ஆனால் அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று யாராவது சொன்னால் மட்டும் உடனே பிளாக் செய்துவிடுவார்.

தினமும் காலை ஐந்து மணிக்கு ஒரு வசனம் அனுப்புவார். எங்கிருந்தோ வந்ததை எங்கேயோ தள்ளிவிடுவதுதான் வேலை. வசனத்தைப் படிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. சுற்றிலும் ரோஜா இருக்கிறதா, மூலையில் புறா இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். உறுப்பினர் தொண்ணூற்றெட்டுப் பேரும் அதைக்கூடப் பார்க்காமல் ‘ஆமென்’ போடுவார்கள். துணை அட்மின் சிஸ்டர் ரூபவதி ஒரு கோழியம்மா. நாலே முக்காலுக்கே ‘ஆமென்’ போட்டுவிட்டுத்தான் குஞ்சுகளை எழுப்புவார். வசனம் பின்னால் வந்து சேரும்.

இப்படி மூன்று வருடம் ஓடியது. கிருபைராஜுக்கு ஒரே ஒரு குறை. வருடா வருடம் கன்வென்ஷனில் பாஸ்டர் யானை ஐயா ஊழியக்காரர்களை வரிசையாக நிறுத்தி, யாரை மனந்திருப்பினீர்கள் என்று கேட்பார். போன முறை கொக்கு ஒரு குடத்தில் இரண்டு மீன்களைக் கூட்டிவந்து, இவர்கள் இருவரும் என்னை மன்னித்துவிட்டார்கள் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியது. கிருபைராஜ் போனை நீட்டினார்.

"இதுல தொண்ணூத்தெட்டு ஆமென் இருக்கு ஐயா."

"ஆமென் இருக்கு. ஆள் எங்க, தம்பி?"

கூட்டம் சிரித்தது. குடத்துக்குள் இருந்த மீன்கள்கூடச் சிரித்தன. கிருபைராஜ் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார். அடுத்த கன்வென்ஷனுக்குள் ஒரு ஆத்துமாவை, ஒரே ஒரு ஆத்துமாவை மேடையில் நிறுத்தாவிட்டால் இந்தக் காதுகளை வெளியே காட்டமாட்டேன் என்று சபதம் போட்டார். செய்வதுதான் செய்கிறோம், பெரிதாகச் செய்வோம் என்று காட்டிலேயே பெரிய பாவி யாரென யோசித்து, புலியின் நம்பரைத் தேடிப்பிடித்துக் குழுவில் சேர்த்துவிட்டார்.

மறுநாள் போன வசனம், கொல்லாதே என்பது. அதில் ஏழு ரோஜாவும் இரண்டு புறாவும் இருந்தன. தொண்ணூற்றெட்டு ஆமென் ஒரே நிமிஷத்தில் விழுந்தது. புலியின் ஆமென் மட்டும் மத்தியானம் வந்தது. தாமதத்துக்குக் காரணம், அது படித்தது.

படித்ததோடு விட்டதா? வாயில் கவ்வியிருந்த மானைக் கீழே இறக்கி, "மன்னிச்சுக்கோங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டதாம். அன்றிலிருந்து புலி அருகம்புல் மேய ஆரம்பித்தது. கிருபைராஜுக்குத் தலைகால் புரியவில்லை. ‘புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்ற பழமொழியைப் பொய்யாக்கிய வசனம்’ என்று தலைப்புக் கொடுத்துப் பதினொரு குழுக்களுக்கு அனுப்பினார். கன்வென்ஷனில் புலியின் சாட்சிக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியும் ஆயிற்று.

ஆனால் புலி மற்ற வசனங்களையும் படித்தது. அங்கேதான் வந்தது வினை.

ஒரு நாள் காலை கதவு தட்டும் சத்தம். திறந்தால் வாசலில் புலி.

"ஸ்தோத்திரம் பிரதர். ரெண்டு சட்டை வச்சிருக்கவன் இல்லாதவனுக்கு ஒண்ணைக் குடுக்கணும்னு இன்னைக்கு அனுப்பியிருந்தீங்க."

"அப்படியா அனுப்பினேன்?"

"ஆமா பிரதர், மஞ்சள் ரோஜா போட்டது. உங்ககிட்ட ரெண்டு சாக்கு இருக்குன்னு கேள்விப்பட்டேன். எனக்கு ஒண்ணுமே இல்ல."

கிருபைராஜ் நல்ல சாக்கைக் கொடுத்தார். கிழிந்த சாக்குதான் அவருக்கு மிஞ்சியது. அடுத்த வாரம் விருந்தாளியை உபசரிக்கச் சொல்லும் வசனம் போயிற்று. புலி சாக்கைப் போர்த்திக்கொண்டு சிஸ்டர் ரூபவதி வீட்டுக்குப் போய் மூன்று நாள் தங்கியது. மூன்று நாளும் அந்த அம்மா குஞ்சுகளோடு கூரைமேல் நின்றார். அதற்கும் அடுத்த வாரம் புலி குழுவிலேயே எழுதியது: ‘பகைவரை நேசிக்க வேண்டும் என்று வந்திருக்கிறது. உங்கள் எல்லாருக்கும் பகைவன் நான்தான். யாருக்கு எந்தக் கிழமை வசதி?’

தொண்ணூற்றெட்டுப் பேரும் ஆமென் போட்டார்கள்.

நாற்பதாம் நாள் புலி எழுதியது: ‘எனக்குப் பசிக்கிறது. புல் ஒத்துக்கொள்ளவில்லை. யாராவது ஏதாவது கொடுங்கள்.’

அதற்கும் தொண்ணூற்றெட்டு ஆமென். கிருபைராஜ் போனை எடுத்துப் பார்த்தார். வெறும் கறுப்பு எழுத்து, ஒரு பூகூட இல்லை. பாவம், புதிதாக வந்தவர், ரோஜா வைக்கத் தெரியவில்லை என்று இரக்கப்பட்டு, தாமே சுற்றிலும் நாலு ரோஜா வைத்து, ‘இதைப் பத்துப் பேருக்குப் பகிர்ந்தால் இன்றே அற்புதம்’ என்று சேர்த்து எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினார். அந்த வருடத்திலேயே அதிகம் பேர் பகிர்ந்த வசனம் அதுதான்.

சாயங்காலம் புலி ஒரே ஒரு கேள்வி கேட்டது: ‘பிரதர், நீங்கள் அனுப்புவதை நீங்கள் படிப்பதுண்டா?’

முதல்முறையாக யாரும் ஆமென் போடவில்லை. கிருபைராஜுக்கு இரண்டு காதும் சுட்டன. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒன்றையாவது படித்துப் பார்ப்போமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அதற்குள் சிஸ்டர் ரூபவதி போன் செய்துவிட்டார்.

"பிரதர், இவரு வந்ததுல இருந்து குரூப்புல ஆவிக்குரிய சூழ்நிலையே கெட்டுப்போச்சு. மூணு நாளு கூரைமேல நின்னதுல எனக்கு முட்டைகூட வரமாட்டேங்கு. எடுத்து விட்டுருங்க."

"கன்வென்ஷன்ல சாட்சிக்கு வேற ஆள் இல்லையே சிஸ்டர்?"

"முயலு சும்மாதான இருக்கு. நாலு கேரட்டைக் குடுத்து மனந்திருப்பிக்கிடலாம்."

கிருபைராஜ் பெருமூச்சு விட்டார். ‘நீக்கு’ என்ற இடத்தைக் குளம்பால் ஒரு அமுக்கு அமுக்கினார். மனசு லேசாகிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் வாசலில் அதே சாக்கு, அதற்குள் அதே புலி.

"ஸ்தோத்திரம் பிரதர். என்னை நீக்கிட்டீங்க."

"அது வந்து... ஏதோ டெக்னிக்கல் கோளாறு."

"நான் கோவிச்சுக்கல. யோசிச்சுப் பார்த்தேன். நீங்க சொன்னதுனாலதான் இத்தனை நாள் யாரையும் தொடாம இருந்தேன். இன்னைக்குக் காலையில நீங்க ஒண்ணும் சொல்லல." சொல்லிவிட்டு சாக்கை அழகாக மடித்துத் திருப்பிக் கொடுத்தது. "இந்தாங்க, இதுக்கும் இனிமே நியாயம் இல்ல."

கிருபைராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வருடத்தில் அனுப்பிய ஆயிரம் சொச்சம் வசனங்களில் அவருக்கு உதவியது ‘கொல்லாதே’ ஒன்றுதான். அது இத்தனை நாளும் காவல் காத்தது இந்தக் கழுத்தை. அதைத்தான் சொந்தக் குளம்பால் நீக்கியிருக்கிறார்.

"இருங்க பிரதர், இருங்க! இப்பவே சேர்த்துடறேன்!"

‘சேர்’ என்பதை அமுக்கினார். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் டவர் உச்சியில் காக்கை. ஆண்டவரே, அந்தக் காக்கையை எழுப்பிவிடும் என்று கிருபைராஜ் கண்ணீரோடு ஜெபித்தார். ரோஜாவும் புறாவும் இல்லாமல் அவர் செய்த முதல் ஜெபம் அது. ஜெபம் கேட்கப்பட்டது. காக்கை பறந்தது, புலியின் போனில் டிங் என்றது.

ஒருமுறை நீக்கியவருக்கு அழைப்புதான் போகும், அவரே சம்மதித்துச் சேர வேண்டும். அந்த அழைப்போடு குழுவின் நாற்பத்திரண்டு விதிகளும் போயிருந்தன. வேறெந்தக் குழுவிலிருந்தோ கிருபைராஜ் படிக்காமல் எடுத்து ஒட்டியவை. புலி வாசலில் உட்கார்ந்து வாலைச் சுருட்டிக்கொண்டது.

"படிச்சுட்டுச் சேர்றேன் பிரதர். படிக்காம சேர்றது தப்பு."

ஒரு மணிநேரம் ஒவ்வொன்றாகப் படித்தது. பிறகு நிமிர்ந்தது.

"ஒரு சந்தேகம். உறுப்பினர்கள் ஒருத்தரை ஒருத்தர் காயப்படுத்தக் கூடாதுன்னு பதினேழாவது விதி சொல்லுது. நல்ல விதி. ஆனா நான் இன்னும் சேரல. அதனால சாப்பிட்டுட்டு அப்புறமா சேர்ந்தா தப்பில்லையே?"

தப்பு, பெரிய தப்பு என்று சொல்லத்தான் கிருபைராஜ் வாயைத் திறந்தார். மூன்று வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

"ஆமென்" என்றார்.

நீதி: தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. குழுவிலிருந்து நீக்கப்போகும் உறுப்பினரைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.