'களைச்சுப்போவீங்க' என்றொரு நாய்

பூஹேரா,
புதன்கிழமை

மதிப்புக்குரிய மைத்துனர் எனோக் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் ஜோசயா பணிந்து எழுதுவது. நீங்கள் நலமென்றால் நாங்களும் நலம் என்று எழுதுவது நம் வழக்கம். ஆகவே தயவுசெய்து நலமாக இருக்கவும்.

நாய்க்குட்டி வாங்குவது பற்றிப் புலவாயோவிலிருந்து தாங்கள் எழுதிய யோசனைகளை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன். தாய் நாயைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது, கடிக்கவில்லை. ஈறு சிவப்பா, கண்ணில் பீளை உண்டா, பூச்சி வைத்து வயிறு உப்பியிருக்கிறதா, எல்லாம் சோதித்தேன். மல்லாக்கப் போட்டதில் நான்கு குட்டிகளில் மூன்று கத்தின. கடைசியாக, பின்னால் நின்று கை தட்டச் சொல்லியிருந்தீர்கள். தட்டினேன். மூன்றும் சோளக் குதிருக்கு அடியில் ஓடி ஒளிந்தன. வெள்ளைக்குட்டி மட்டும் களிச்சட்டியை நக்கிக்கொண்டே இருந்தது. "இடி விழுந்தாலும் அசையாதுங்க" என்றார் விற்றவர். வாங்கிவிட்டேன்.

பெயர் வைத்ததுதான் என் குற்றம். அண்டை வீட்டாரிடம் நேரில் சொல்ல முடியாததை நாய்க்குப் பெயராக வைத்துக் கூப்பிடுவது நம் ஊரில் எல்லோரும் செய்வதுதானே. பதினொரு வருடமாகக் குழாயடியில் என்னைப் பற்றிப் புறம் பேசிவரும் ஷிங்காயின் அம்மாவை நினைத்து, பேசிப் பேசி நீங்களே ஓய்ந்துபோவீர்கள் என்ற பொருளில் குட்டிக்குக் 'களைச்சுப்போவீங்க' என்று பெயரிட்டேன்.

அந்த அம்மாளுக்குக் கேட்டது. நாய்க்குத்தான் கேட்கவில்லை. நாளுக்கு நாற்பது முறை வேலியோரம் நின்று கத்தினேன், களைத்தது நான். மூன்றாம் வாரம் தங்கள் தங்கை வாயைத் திறந்தாள். "அந்த ஷிங்காய் நம்ம மோலினைப் பொண்ணு கேட்டு வர்ற சனிக்கிழமை தூது அனுப்பறதா இருந்தான். இப்ப அவங்கம்மா முடியாதுன்னுட்டாங்க. கத்துங்க, இன்னும் நல்லாக் கத்துங்க." மகள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

போதாக்குறைக்கு அந்த அம்மாள் ஊர்த்தலைவரிடம் வழக்கும் வைத்தாள். "நாய் செவிடு" என்று சபையில் சொன்னேன். தலைவர் அதன் பின்னால் நின்று தகரத்தை ஓங்கி அடித்தார். கைக்குழந்தைகள் அலறின, நாய் கொட்டாவி விட்டது. ஜெயித்தோம் என்று உட்காரப் போனேன்.

"ஏன் மோலின் அப்பா, நாய்க்குக் காது கேக்காதுன்னா, இத்தனை நாளா யார் காதுக்கு அந்தப் பேரைக் கூப்பிட்டீங்க?" என்றாள் அவள்.

பொய் ஒன்றும் கைவசம் இல்லை. "முதல் தடவை உங்க காதுக்குத்தாம்மா. மிச்சம் முப்பத்தொன்பதும் சத்தியமா நாய்க்கு."

சபை உருண்டு சிரித்தது. அந்த அம்மாளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். "செவிட்டு ஜீவனோட மல்லுக்கட்டற மனுஷன் மேல என்ன கோவம், போங்க" என்றாள். சனிக்கிழமை தூது வருகிறது. தாய்மாமனாகத் தாங்கள் முன்னதாகவே வந்துவிட வேண்டும்.

தங்கள் கிடையில் கன்றுகள் பெருகட்டும். அக்காவுக்கு என் வணக்கம்.

பணிவுடன்,
ஜோசயா

பி.கு.: நாய் செவிடில்லை. இன்று காலை மோலின் "செல்லம்" என்று முணுமுணுத்தாள். கொல்லையிலிருந்து பறந்து வந்தது. முதல் நாளிலிருந்தே அவளுக்கு அதன் பெயர் அதுதானாம். "நீங்க வச்ச பேரை என் மாமியார் வீட்டைப் பாத்து நான் எப்படிப்பா கத்தறது?" என்கிறாள். சனிக்கிழமை வந்தவர்கள் திரும்பிப் போகும்வரை நாய் செவிடாகவே இருந்தாக வேண்டும். ஆகவே தாங்கள் வாசலில் நுழையும்போது யாரையும் 'செல்லம்' என்று கூப்பிட்டுவிடாதீர்கள், மோலினைக்கூட.