ரக்கஸுக்குச் சொந்த ஊரு எது?

அன்னிக்கு எனக்கு ஒரே வேலைதாங்க. குழந்தைங்க டி-ஷர்ட்டுல நெஞ்சுக்கு நேரா இங்கிலீஷ்ல 'ரக்கஸ்'னு பிரிண்ட் போட முதலாளிகிட்ட ஓகே வாங்கணும்.

சாயங்காலம் சரக்கு லாரி ஏறலைன்னா வெளிநாட்டு பையர் ஆர்டரை கேன்சல் பண்ணிருவாரு. வேலம்பாளையத்துல ஒரு பனியன் கம்பெனிக்கு ஆர்டரைப் பார்த்துக்கிற மெர்ச்சண்டைசரா இருந்த என்னை முதலாளி கேன்சல் பண்ணிருவாரு.

முதலாளிக்கு ஒரு வழக்கம். முதல் பீஸுக்குச் சந்தனம் தொட்டு சாமி படத்து முன்னாடி வச்சாத்தான் மத்ததெல்லாம் ஓடும். பீஸைக் கையில வாங்கி, இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டாரு.

தெரியாதுன்னு சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பேன். பி.ஏ. இங்கிலீஷ் படிச்ச திமிரு, டிக்‌ஷனரியைத் தூக்கிட்டு வந்து, "கூச்சல், ரகளைங்க"ன்னேன்.

குழந்தைங்கன்னா அப்படித்தான் இருக்கும்னு சந்தனத்துல விரலை வச்சுட்டாரு. நான் அதோட புத்தகத்தை மூடியிருக்கணும். அடுத்த வரியையும் படிச்சேன். ரக்‌ஷன், ரம்பஸ்னு ரெண்டு வார்த்தை சேர்ந்து இது பொறந்திருக்கலாமாம். அந்த ரெண்டும் எங்கிருந்து வந்துச்சுன்னு யாருக்கும் சரியாத் தெரியாதாம்.

முதலாளி விரலைத் துடைச்சுட்டாரு. அந்த மாசம்தான் அவரு பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துட்டு இருந்தாரு. சேவூர் வரைக்கும் ஆள் விட்டு பூர்வீகம் விசாரிக்கிற மனுசன்.

"அப்பன் ஊரும் தெரியாது, ஆத்தா ஊரும் தெரியாது. விசாரிக்காம எப்படிக் கண்ணு சாமிகிட்ட வைக்கிறது?"

இந்த வார்த்தையோட சொந்த ஊரைத் தெரியப்படுத்தவும்னு என்னை விட்டே பையருக்கு மெயில் அனுப்ப வச்சாரு. அனுப்பினேங்க, வேற வழி?

பிரிண்ட்டுல எதாவது பிரச்சனையான்னு பையர் பதில் போட்டாரு. ஊரைக் கேட்டா பேச்சை மாத்தறாங்க, எதையோ மறைக்கறாங்கன்னு முதலாளி முடிவே கட்டிட்டாரு.

ஸ்கிரீன்ல ஊத்தின கலர் காயுதுன்னு பிரிண்டிங் மாஸ்டர் கத்திக்கிட்டே உள்ள வந்தாரு. திருநெல்வேலிக்காரரு. விஷயத்தைக் கேட்டுட்டு, "லண்டன்னு வச்சுக்கிடுவோம் மொதலாளி"ன்னாரு.

"வச்சுக்கலாம்னு பொண்ணு குடுக்க முடியுங்களா?"

அவரு கத்த, இவரு கத்த, வாசல்ல லாரிக்காரரு ஹாரனை அமுக்க, செக்கிங் அக்காங்க எல்லாம் வேலையை விட்டுட்டு வந்து ஆளுக்கொரு ஊரு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு அக்கா சோமனூர்னே சத்தியம் பண்ணுச்சு.

அந்த நேரம் பார்த்து போன். பையரேதான். அங்கே என்ன சத்தம்னு இங்கிலீஷ்ல கேட்டாரு.

"ரக்கஸ், சார்"னு வாய் தானா சொல்லிருச்சு.

எல்லாரும் என் பக்கம் திரும்பினாங்க. அவரு என்ன கேட்டாரு, நீ என்ன சொன்னேன்னு முதலாளி கேட்டாரு. சொன்னேன். மாஸ்டரைப் பார்த்தாரு, அக்காங்களைப் பார்த்தாரு, வாசல்ல லாரியைப் பார்த்தாரு. அப்புறம் நிதானமா சந்தனக் கிண்ணத்தை எடுத்தாரு.

"இதைத்தான் அப்படிச் சொல்றாங்களா? அட, நம்மூருதான் கண்ணு. பிரிண்ட் போடச் சொல்லு."

அதுல இருந்து டிக்‌ஷனரியில முதல் வரிக்கு மேல நான் படிக்கிறதே இல்லைங்க.