மயிலைக்கு ஒரு வாய்த் தண்ணீர்

மயிலைப் பசு மறுபடியும் தண்ணீர் குடிக்காமல் திரும்பிவிட்டது.

தொட்டியில் மூக்கை வைக்கப் போனதுதான். அதற்குள் பழைய மாடான செவலை தலையைச் சாய்த்து அதன் விலாவில் ஓர் இடி இடித்தது. மயிலை சுவரோரம் ஒதுங்கி, தாகமே இல்லாதது போல எங்கோ பார்த்துக்கொண்டு நின்றது.

கோதண்டபாணிக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து ஊரான மங்களூரிலிருந்து வாங்கி வந்த சினை மாடு. வந்த நாளிலிருந்து எலும்பு தெரிய இளைத்துக்கொண்டே போகிறது. கன்று தங்குமோ தங்காதோ.

"பாவி, அதுவும் உன்ன மாதிரி ஒரு மாடுதானே!" என்று செவலையிடம் முறையிட்டான்.

மனைவி தங்கம்மாள் சாணி அள்ளிக்கொண்டே சொன்னாள்: "மாட்டுக்கிட்ட போயி நியாயம் பேசுறீங்களே. புதுசா வந்தத முட்டத்தான் செய்யும். அப்புறம் அடங்கிடும்."

"அடங்குறதுக்குள்ள இது செத்துடும். ஈவு இரக்கம்னு ஒண்ணு வேணாமா, தங்கம்?"

அன்று கோதண்டபாணி வேலை பார்க்கும் பீங்கான் பட்டறைக்கு லீவு. அதே பட்டறையில் வேலை பார்க்கும் பக்கிரி, தலையில் தேய்த்த எண்ணெயைக்கூடக் குளித்துக் கழுவாமல் வந்து நின்றான். இருவரும் சேர்ந்து மயிலைக்குத் தனித் தொட்டி வைத்தார்கள். குழி தோண்டித் தொட்டியை இறக்கியது பக்கிரி. எங்கே இறக்குவது என்று காட்டியது கோதண்டபாணி.

செவலை தன் தொட்டியை விட்டுவிட்டு நேராகப் புதுத் தொட்டிக்குப் போய்க் குடித்துத் தீர்த்தது. பிறகு பழைய தொட்டியை மறித்துக்கொண்டு அசை போட்டது.

செவலையைத் தனியாகக் கட்டிப் பார்த்தார்கள். பகல் முழுக்கக் கத்தித் தீர்த்தது. சாயங்காலம் மடியில் பாலை அடக்கிக்கொண்டது. டீக்கடைக்குப் பால் போகவில்லை. தங்கம்மாள் கோதண்டபாணிக்கும் டீ போடவில்லை.

"கொம்புல சாக்கச் சுத்திடலாம் பக்கிரி. முட்டுனாலும் வலிக்காது."

"யாருண்ணே சுத்துறது?"

கோதண்டபாணி அவனைப் பார்த்தான். பக்கிரி சாக்கை எடுத்துக்கொண்டான்.

சாக்கு சரிந்து செவலையின் கண்ணைப் பாதி மறைத்தது. அது எதிரில் தட்டுப்பட்டதையெல்லாம் முட்டியது. கொட்டகைக் கால் ஒன்று சாய்ந்தது. பக்கிரி எருக்குழியில் போய் விழுந்தான். மயிலை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது.

கோதண்டபாணிக்கு அன்று சோறு இறங்கவில்லை. "வித்துடுவோம்" என்றான்.

"நம்ம வூட்டுலயே அதுதாங்க நல்லாக் கறக்குது!" என்றாள் தங்கம்மாள்.

"கொடுமைக்காரி பாலு எனக்கு வேணாம்."

ஸ்ரீமுஷ்ணத்தில் வீராயி என்ற அம்மாள் செவலையை வாங்கிக்கொண்டாள். பக்கிரி மாட்டை நடத்தியே ஓட்டிப் போனான். கோதண்டபாணி பஸ்ஸில் போய் அங்கே காத்திருந்தான்.

மறுநாள் மயிலை தொட்டியில் நிம்மதியாக வாய் வைத்தது. கோதண்டபாணி கண்ணைத் துடைத்துக்கொண்டான். வயிறு முட்டக் குடித்த மயிலை தலையை நிமிர்த்தி, பக்கத்தில் வந்த கருப்பியின் விலாவில் ஓர் இடி இடித்தது.

கருப்பி எந்த வம்புக்கும் போகாத கிழட்டு மாடு. செவலைகூட அதைத் தொட்டதில்லை. மயிலையோ அதைத் தண்ணீர் பக்கமும் விடவில்லை, வைக்கோல் பக்கமும் விடவில்லை. மேய்ச்சலுக்கு ஓட்டினால் ரயில்வே கேட்டில் தண்டவாளத்துக்கு நடுவே நின்றுகொண்டு அதை முட்டியது. சேலம் வண்டி ஊதிக்கொண்டே நிற்க, கேட்காரர் கோதண்டபாணியின் பரம்பரையையே வாய்விட்டு விசாரித்தார்.

ஒரு நாள் காலையில் கருப்பி படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. பக்கிரி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அதன் வாயருகே பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான்.

"நான் நல்லதுன்னு நெனச்சு செஞ்சதெல்லாம் இப்படியாவுதே!" கோதண்டபாணி தலையில் அடித்துக்கொண்டான். "இதக் குடுத்துட்டு அந்தச் செவலையவே மாத்திக்கிட்டு வந்துடுவோம் பக்கிரி."

மயிலையைப் பக்கிரி நடத்திக்கொண்டு போனான். கோதண்டபாணி இந்தத் தடவையும் பஸ்ஸில் போனான்.

வீராயி வீட்டுக் கொல்லையில் செவலை ஒரு மூலையில் நின்றது. அடையாளமே தெரியவில்லை, அவ்வளவு இளைத்திருந்தது. தொட்டியை ஒரு குட்டை மாடு மறித்துக்கொண்டிருந்தது. செவலை ஓரடி முன்னால் வைத்தது. குட்டை மாடு முட்டக்கூட இல்லை, திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான். செவலை பின்வாங்கிவிட்டது.

"ஊரையே முட்டுற மாடுன்னு சொல்லித்தானே குடுத்தீங்க?" என்றாள் வீராயி. "இங்க கோழி வந்தாலே ஒதுங்கிப் போவுது."

கோதண்டபாணி செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டான். "கேக்க ஆளில்லன்னா இப்படித்தான் மிதிக்கிறதா? நம்மால முடியுதுங்கிறதுக்காக இன்னொரு உசுர இப்படி வதைக்கலாமா?"

வீராயிக்கும் கண் கலங்கிவிட்டது. வெயிலில் நடந்து வந்து வாசற்படியில் சாய்ந்திருந்த பக்கிரியிடம் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்தாள்.

"என்னா எளகின மனசுங்க அவருக்கு! நீங்க அவரு கூடப் பொறந்தவருங்களா? அவரு மாட்டுக்காக இம்மாந்தூரம் நடந்து வந்திருக்கீங்களே?"

பக்கிரி சொம்பைக் காலி செய்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

"இல்லீங்க, பட்டறையில அவருதான் எங்க மேஸ்திரி. எனக்கு முன்னாடி மாட்டு வேலைக்கு வரமாட்டேன்னு ஒருத்தன் சொன்னான், அவனச் சூளை வாய்க்கு மாத்திட்டாரு. இன்னும் அங்கதான் வெந்துக்கிட்டு இருக்குறான்."