வரிவிலக்கு பெற்ற அண்ணன்

டமார்! பின்கட்டு அறையில் பீங்கான் கப் ஒன்று சுவரில் மோதி நொறுங்கியது.

வருமான வரிச் சட்டத்தையும் உடன்பிறந்த பாசத்தையும் ஒரே படிவத்தில் சேர்த்துவைத்த முதல் விருத்தாசலத்துக்காரர் என்ற பெருமை, செராமிக் அதிபர் கோதண்டபாணியையே சேரும். பக்கவாதத்தில் பேச்சிழந்து படுத்துவிட்ட அண்ணன் பழமலைநாதனை அவர் ஒன்பது வருடமாகப் ‘பராமரித்து’ வருகிறார். அந்தத் தியாகத்தை மெச்சி, எழுபத்தைந்தாயிரம் ரூபாய் வருமானத்துக்கு வரியே வேண்டாம் என்று அரசாங்கம் விட்டுவிட்டது. சூளையில் கோணிப்போன கப்புகளைக் கூடையோடு கட்டிலருகே வைத்ததும் அவருடைய ஏற்பாடுதான். அண்ணனுக்கு ஏதாவது தேவையென்றால் எடுத்து வீசலாம். அழைப்பு மணி வாங்கினால் செலவாகும் அல்லவா?

சத்தம் கேட்டுத் தண்ணீர் டம்ளருடன் ஓடியவள் அம்புஜவல்லி. ஒன்றுவிட்ட தங்கை முறை. விதவையாகி நின்றவளை, அண்ணன் படுத்த அதே வருடம் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து அழைத்துவந்து, அண்ணனின் கட்டிலடியில் ‘அடைக்கலம்’ கொடுத்தவரும் கோதண்டபாணிதான். அப்படிப்பட்டவள் சொல்லாமல் கொள்ளாமல் விதவை உதவித்தொகைக்கு மனுப் போட்டிருந்தாள். விசாரிக்க வருவாய் ஆய்வாளர், அதாவது ஆர்.ஐ., கலியமூர்த்தி கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்.

“எதுக்கும்மா பென்சன்?”

“பொண்ணு வூட்டுக்குப் போகக்கூட பஸ்ஸு காசுக்கு அண்ணிகிட்ட நிக்கிறேங்க.”

“இங்க என்ன வேலை?”

கோதண்டபாணி ஆடிட்டருடன் செல்போனில் ஆழ்ந்திருந்தார். அம்புஜவல்லி விளக்கினாள். “ஒரு கப்பு எறிஞ்சா தண்ணிங்க. அடுத்தடுத்து ரெண்டு எறிஞ்சா பெட்பேனு. ஓடணும். கொஞ்சம் அசந்தா படுக்கையெல்லாம் போச்சு.”

ஆர்.ஐ. குறித்துக்கொண்டார். பிறகு ஒரு நகலை எடுத்தார். “சார், உங்க கம்பெனி சம்பள ரிஜிஸ்டர்ல இந்தம்மா பேரு இருக்குது. பெயின்டிங் செக்‌ஷன், மாசம் மூவாயிரம்.”

“ஆமாங்க. எல்லாம் முறைப்படி.” கோதண்டபாணி போனை மடியில் கவிழ்த்தார்.

“கையெழுத்து என்னுதுதாங்க. பணத்தைத்தான் பாத்ததில்ல,” என்றாள் அம்புஜவல்லி.

“குடும்பத்துக்குள்ள கையில எண்ணிக் குடுத்தா நல்லாவா இருக்கும், சார்? தங்கச்சி மாதிரி.”

ஆர்.ஐ. நெகிழ்ந்துபோனார். ஆனால் விதி நெகிழவில்லை. “பேப்பர்படி சம்பளம் வாங்குறீங்க. சாப்பாடு, தங்குமிடம், ஃபேன் காத்து தனி. வருமானம் வரம்பத் தாண்டிடுச்சும்மா.”

“ஃபேனு அவருக்குங்க. நான் கட்டிலுக்குக் கீழ படுக்கிறேன். காத்து வராது.”

“வராத காத்துக்குக் கழிவு குடுக்க விதி இல்லயே.”

மனு தள்ளுபடியானது. கோதண்டபாணி அம்புஜத்தைக் கருணையோடு பார்த்தார். “உனக்கு என்ன கொற வெச்சேன், சொல்லு.”

அவள் அவரைப் பார்க்கவில்லை. ஆர்.ஐ.யைத்தான் கேட்டாள். “அப்ப நான் சம்பளக்காரிதாங்களா?”

“சந்தேகமே இல்ல.”

“சம்பளக்காரிக்கு லீவு உண்டுங்களா?”

“வாரத்துக்கு ஒரு நாள். சட்டமே இருக்குது.”

“எனக்கு ஒம்பது வருஷத்து லீவு பாக்கி இருக்குதுங்க.” புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். “சார், உங்க வண்டி பஸ் ஸ்டாண்டு பக்கமா போவுதா?”

விதிகளில் அதற்குத் தடை எதுவும் இல்லாததால், ஆர்.ஐ.யின் மொபெட் இருவரோடு கிளம்பியது. அது தெருமுனையில் திரும்பும்வரை கோதண்டபாணி வாசலில் நின்று பார்த்தார். போனில் ஆடிட்டர் இன்னும் இருந்தார். இந்த வருடமும் அண்ணனை ‘முழுமையாகத் தாமே பராமரித்ததாக’ உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடுவதாகச் சொல்லி வைத்தார்.

டமார். டமார்.

மனைவி பானுமதி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கோதண்டபாணி அவளைப் பார்த்தார்.

“ஏண்டி பானு, அண்ணன் ரெண்டு கப்பு எறிஞ்சா நாம என்னா பண்ணுவோம்?”