சிறுமலைக்குப் போன கரிச் சைக்கிள்

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆரம்பித்த எதையும் முடிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்தால் என் வாழ்க்கை வரலாறு தூசி படிந்து கிடப்பதைக் காணலாம். மூன்றே பாட்டு வாசித்த கீபோர்டு, ஒரு கை மட்டும் தைத்த ரவிக்கையோடு தையல் மெஷின், நான்காம் பாடத்தோடு நின்றுபோன இந்திப் புத்தகம், ஒரு யோகா விரிப்பு (அதை விரித்ததுகூட இல்லை). இத்தனைக்கும் நான் திண்டுக்கல்லில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தும் ஆசிரியை. பாடத்திட்டத்தை மட்டும் எப்படியோ வருடா வருடம் முடித்துவிடுவேன். பிள்ளைகள் பரீட்சை எழுத வேண்டுமே!

என் கொழுந்தன் பெர்க்மான்ஸ் கட்டட காண்டிராக்டர். வீட்டுக்கு வரும்போதெல்லாம் பரணை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மதினி, அடுத்து என்னத்த வாங்கப் போறீங்கன்னு சொன்னா பரணை ரெண்டடி நீட்டிக் கட்டித் தந்துருவேன்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே சுருக்கென்று இருக்கும்.

முப்பத்தொன்பதாவது வயதில் முழங்கால் வலி என்று டாக்டரிடம் போனேன். சைக்கிள் ஓட்டுங்கள் என்றார். வேறு யாராக இருந்தாலும் பக்கத்துக் கடையில் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள் ஒன்றை வாங்கி, மார்க்கெட்டுக்குப் போய்வந்து, முழங்காலைச் சரிசெய்திருப்பார்கள். நான் செல்போனில் வீடியோ பார்த்தேன். ஒரே வாரத்தில், கார்பன் ஃபிரேம் போட்ட மலையேற்ற சைக்கிள் இல்லாவிட்டால் என் முழங்கால் பிழைக்காது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். அதிலும் முழு சைக்கிளாக வாங்குவது இயற்பியலுக்கே அவமானம். ஃபிரேமை மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, மற்றதை எல்லாம் நானே கோப்பது என்று தீர்மானம்.

ஃபிரேம் கடல் கடந்து வந்து துறைமுகத்தில் உட்கார்ந்துகொண்டது. சுங்கத்திலிருந்து ஒருவர் போன் செய்தார்.

"மேடம், பார்சல்ல என்ன இருக்கு?"

"வண்டி ஃபிரேம் சார்."

"எஞ்சின் இருக்கா?"

"இல்ல சார். எஞ்சின் நான்தான்."

அவர் சிரிக்கவில்லை. அந்த ஒரு பதிலுக்கு இன்னும் நான்கு படிவங்கள் நிரப்பினேன்.

ஒருவழியாகப் பெட்டி வந்தது. ஒரு ஆள் படுக்கிற நீளம். கூரியர்காரர் அதை ஒற்றைக் கையில் தூக்கி வந்ததைப் பார்த்ததும் என் மாமியாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தானும் ஒருமுறை தூக்கிப் பார்த்தார்.

"ஏத்தா ஜெசி, ஒன்ன ஏமாத்திப்புட்டான். அம்புட்டுப் பெரிய பெட்டிக்குள்ள காத்த அடைச்சு அனுப்பிருக்கான்."

பிரித்துக் காட்டினேன். கறுப்பாக, மெல்லியதாக, அழகாக இருந்தது. காய் நிறுக்கும் தராசில் கொக்கி மாட்டித் தொங்கவிட்டோம். ஒன்றரைக் கிலோகூட வரவில்லை. பெர்க்மான்ஸ் விரலால் தட்டிப் பார்த்தான்.

"கார்பன்னா பென்சில்ல இருக்குமே, அந்தக் கரிதான மதினி? மழ பேஞ்சா கரைஞ்சுராது?"

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அதற்குப் பெயர் கரிச் சைக்கிள்.

கோக்கும் வேலை மூன்று வாரம் நடந்தது. சக்கரம், பிரேக், கியர் எல்லாம் மதுரையிலிருந்து வந்தன. கியர் ஒயரை ஃபிரேமுக்கு உள்ளேயே நுழைத்து மறுமுனையில் எடுக்க வேண்டும். அது உள்ளே போனது, திரும்பி வரவில்லை. இரண்டு மாலைகள் போராடிவிட்டு, பள்ளி ஆய்வகத்திலிருந்து சட்டக் காந்தம் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, வெளியிலிருந்தே ஒயரை இழுத்து வரவழைத்தேன். (மறுநாள் காலை முதல் ஆளாகப் போய்த் திருப்பி வைத்துவிட்டேன்.) அன்றைக்கு எனக்கு வந்த கர்வம் இருக்கிறதே, அதுதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

ஏனென்றால் ஃபிரேமோடு ஒரு சின்னப் பொட்டலமும் வந்திருந்தது. கத்தரித்துப் பார்த்தால் உள்ளே பசை. விரலால் தேய்த்தால் மணல் மணலாக நெருடியது. பொட்டலத்தின் மேல் இருந்த எழுத்து எனக்குப் புரியாத மொழி. 'பாவம், கப்பலில் வெயில் பட்டு கிரீஸ் கெட்டுப்போய்விட்டது' என்று குப்பையில் போட்டேன். அது என்னவென்று கற்றுத்தந்திருக்கக்கூடிய வீடியோவில், கரெக்டாக அந்த ஏழு நிமிடத்தை மட்டும் தள்ளிவிட்டுப் பார்த்தவள் நான்.

கோக்கும் வேலை முடிகிற வாரத்து ஞாயிற்றுக்கிழமை பெர்க்மான்ஸ் மகளுக்குப் புதுநன்மை. பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற விழா. காலைத் திருப்பலி டவுனில். மதியச் சாப்பாடு சிறுமலை உச்சியில் ஒரு நண்பரின் தோட்டத்தில். முந்தைய வாரம் எல்லோரும் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"நான் சைக்கிள்லயே மலைக்கு வந்துருவேன்" என்றேன்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். சிறுமலைக்குப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. கார்களே மூச்சு வாங்கும்.

"சரி மதினி" என்றான் பெர்க்மான்ஸ். "பிரியாணி அண்டா ஏத்திக்கிட்டு லோடு வண்டிய நான்தான் ஓட்டிட்டு வாரேன். முடியலேன்னா கையக் காட்டுங்க, ஏத்திக்கிறேன். ஆனா ஏறிட்டீங்கன்னா சைக்கிள் நேரா பரணுக்குப் போயிரும். சம்மதமா?"

இருபத்தைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் சேவியர் மட்டும் தரையைப் பார்த்தார். "சம்மதம்" என்றேன்.

சனிக்கிழமை மாலை. எல்லாம் கோத்தாகிவிட்டது, சீட்டைத் தாங்கும் குழாயை ஃபிரேமில் செருகுவது ஒன்றுதான் பாக்கி. அத்தை சின்னக் குப்பியோடு வந்து நின்றார். எங்கள் வீட்டில் எந்தப் புது வண்டி வந்தாலும் கோயிலில் மந்திரித்த எண்ணெயைத் தொட்டுச் சிலுவை போடாமல் தெருவில் இறங்காது. ஸ்கூட்டருக்கு ஹெட்லைட்டில் போட்டார், காருக்கு ஸ்டீரிங்கில் போட்டார்.

"இதுல எதுத்தா முக்கியமான எடம்?"

டீச்சர் இல்லையா நான்? விளக்கினேன். "என்னோட மொத்த பாரமும் இந்தக் குழாய்லதான் அத்தை இறங்கும்."

"அப்ப இதுக்குத்தான் நெறையா வேணும்" என்று, மருமகள் மேல் இருந்த அத்தனை பாசத்தையும் சேர்த்து, குழாய் முழுக்க வழிய வழியப் பூசினார். ஜெபமும் சொன்னார். மந்திரித்த எண்ணெயைத் துடைக்க எனக்குக் கை வரவில்லை. அப்படியே ஃபிரேமில் செருகி, எல்-கீயால் திருகை முடுக்கினேன். வழுக்கிக்கொண்டு சுகமாக உள்ளே இறங்கியது. எவ்வளவு நேர்த்தியான அளவு என்று வியந்துகூடப் போனேன்.

பதினைந்து வருடமாக வகுப்பில் உராய்வு விசையை நடத்திக்கொண்டிருப்பவள் நான் என்பதை இந்த இடத்தில் நினைவூட்டிக்கொள்கிறேன்.

மறுநாள் திருப்பலி முடிந்ததும் கிளம்பினேன். அடிவாரம் வரை ராணி மாதிரி போனேன். முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. கரிச் சைக்கிள் பறந்தது. நான்காவது வளைவில் முழங்கால் கொஞ்சம் அதிகமாக மடங்குவது போலத் தோன்றியது. மலை செங்குத்தாகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆறாவது வளைவில் முழங்கால் வயிற்றில் இடித்தது. எதிரே பைக்கில் இறங்கி வந்த இரண்டு பையன்கள் என்னையே பார்த்தபடி கிட்டத்தட்ட பள்ளத்தில் இறங்கப் பார்த்தார்கள்.

குனிந்து பார்த்தால் சீட் ஒரு சாண் இறங்கியிருந்தது.

நிறுத்தினேன், இழுத்து உயர்த்தினேன், முடுக்கினேன், ஏறினேன். அடுத்த வளைவுக்குள் மறுபடியும் கீழே. ரொம்ப முடுக்கினால் கார்பன் விரிசல் விட்டுவிடும் என்பது மட்டும் அந்த வீடியோவில் நான் பார்த்த பகுதியில் இருந்தது. மலை ஏற ஏற நான் இறங்கிக்கொண்டே இருந்தேன். பத்தாவது வளைவில், எல்கேஜி பிள்ளையின் மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்த பெரிய மனுஷி கோலத்தில், முழங்கால் இரண்டும் காதோரம் இருக்க, தவளை மாதிரி மிதித்துக்கொண்டிருந்தேன். சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கு ஒன்று தன் குட்டியை இழுத்து அணைத்துக்கொண்டது.

பின்னால் ஹாரன் சத்தம். பிரியாணி வாசனை முதலில் வந்தது, லோடு வண்டி பிறகு வந்தது. பின்னால் அண்டாவைக் கட்டிப்பிடித்தபடி சேவியர்.

"மதினி!" பெர்க்மான்ஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "நீங்க சைக்கிள் மேல போறீங்களா, சைக்கிளுக்குள்ள போறீங்களா?"

தொடை இரண்டும் நடுங்கின. கையைத் தூக்கினால் போதும், ஏற்றிக்கொள்வான். சேவியர் அண்டாவுக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஏறிக்கொள் என்றும் சொல்லவில்லை, ஏறாதே என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கீபோர்டை வாங்கிய நாளில் பார்த்த அதே நம்பிக்கையோடு பார்த்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நீங்க போங்க. நான் வாரேன்" என்றேன்.

அடுத்த வளைவில் ஓர் அம்மா கொய்யாக்காய் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு காயைக் கீறி உப்புக்காரம் தூவி நீட்டியவர், என் கையைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"என்ன தாயி, கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு! இந்தா, இந்த உப்பத் தேச்சுக் கழுவு."

அவர் கொட்டிய உப்புக்காரத்தை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன். நறநறவென்று நெருடியது. இந்த நெருடலை இதற்கு முன்பு எங்கோ என் விரல் உணர்ந்திருக்கிறதே! மணல் மணலாக, 'கெட்டுப்போன' அந்த கிரீஸ்!

அது கெடவில்லை. அது அப்படித்தான் இருக்க வேண்டும். குழாய் வழுக்காமல் பிடித்துக்கொள்ள உராய்வு வேண்டும்; அதற்காகவே மணல் கலந்து கொடுத்த பசை அது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு எண்ணெய் பூசி அனுப்பியிருக்கிறேன், எம்.எஸ்சி., பி.எட்!

குழாயை உருவினேன். எண்ணெயைத் துடைக்க வேண்டும். மந்திரித்த எண்ணெயை மண்ணில் விடவும் முடியாது. ஆகவே வழித்து வழித்து நெற்றியில் கொஞ்சம், இரண்டு முழங்காலில் நிறைய, மிச்சத்தைத் தலையில் தேய்த்துக்கொண்டேன். கைக்குட்டையைக் குச்சியில் சுற்றி ஃபிரேமுக்குள்ளேயும் துடைத்து, அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டேன். கொய்யாக்கார அம்மா சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, அந்த உப்புக்காரத்துல இன்னும் ரெண்டு கை குடுங்க."

"காய் வேண்டாமா?"

"சைக்கிளுக்குங்கம்மா."

சைக்கிளை ஒருமுறை பார்த்துவிட்டு அள்ளிக் கொடுத்தார். குழாய் முழுக்க அப்பிச் செருகினேன். உள்ளே போகும்போதே கரகரவென்று முனகியது. அந்தச் சத்தத்தைப் போல இனிமையான சங்கீதத்தை நான் கேட்டதில்லை. முடுக்கினேன். ஏறி உட்கார்ந்து இரண்டு முறை குதித்துப் பார்த்தேன். அசையவில்லை.

பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. கால் நீட்டி மிதிக்க முடிவது எவ்வளவு பெரிய வரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பதினாறாவது வளைவைத் திரும்பினால் லோடு வண்டி ஓரமாக நின்றுகொண்டிருக்கிறது! முன்னால் புகை. பெர்க்மான்ஸ் ரேடியேட்டருக்குக் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தண்ணீர் அவன் செருப்பில் கொட்டியது.

வேகத்தைக் குறைத்தேன். (உண்மையில் அதற்கு மேல் வேகமும் இல்லை.)

"என்ன கொழுந்தனாரே, முடியலையா? ஏறிக்கிறீங்களா?"

சேவியர் அண்டாவை விட்டுவிட்டு எழுந்து நின்று விசில் அடித்தார். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அவருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் வீராங்கனை. கடைசி வளைவில் நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைத்தேன். எந்தக் கையால் துடைத்தேன் என்பதை உங்கள் யூகத்துக்கே விட்டுவிடுகிறேன். முதலில் வலது கண். பதறி மறுகையால் இடது கண். அப்புறம் உலகமே தெரியவில்லை. சாலையோரத்து வெள்ளைக் கோடு மட்டும் மங்கலாகத் தெரிய, அதை நம்பி மிதித்து, தாரை தாரையாகக் கண்ணீர் வழிய, தோட்டத்து வாசலில் போய் நின்றேன். எண்ணெய் வழியும் தலை, சிவந்த முகம், "தண்ணி, தண்ணி" என்ற கதறல். காரில் முன்பே வந்திருந்த உறவினர் கூட்டம் கைதட்டியது. யாரோ போட்டோ எடுத்தார்கள்.

அத்தை ஓடிவந்து கட்டிக்கொண்டார். என் நெற்றியைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். மந்திரித்த எண்ணெய்!

"பாத்தீங்களா? குழாய்ல பூசுனது அவ நெத்திக்கு வந்துருச்சு!" என்று அறிவித்தார். அவருக்கும் கண்ணீர் வந்துவிட்டது.

மறுத்துப் பேச எனக்கு அப்போது கண்ணும் இல்லை, மூச்சும் இல்லை. பிறகு மனமும் வரவில்லை. அந்தப் போட்டோ இப்போது எங்கள் ஹாலில், இருதய ஆண்டவர் படத்துக்கு நேர் கீழே மாட்டியிருக்கிறது. பக்தியில் உருகி அழுகிற பெண் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பரணுக்கு மட்டும் அதற்குப் பிறகு எதுவும் ஏறவில்லை. அந்த ரவிக்கைக்கு இன்னொரு கையும் தைத்து முடித்துவிட்டேன் (இரண்டும் ஒரே நீளம் என்று சொல்லவில்லை).

சேவியரிடம் மட்டும் உப்புக்காரக் கதையைச் சொல்லியிருந்தேன்; பின்னாளில் வீட்டில் எல்லோருக்கும் அவர்தான் சொன்னார். அத்தை அதைக் கேட்டுத் துளியும் கலங்கவில்லை. "கொய்யாக்காரிய அந்த எடத்துல உக்கார வச்சது யாருன்ற?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

போன மாதம் பெர்க்மான்ஸ் புதுக் கார் வாங்கி வந்து வாசலில் நிறுத்தினான். அத்தை ஸ்டீரிங்கில் எண்ணெய் தொட்டுச் சிலுவை போட்டு ஜெபத்தை முடித்தார். எல்லோரும் ஆமென் சொன்னோம். அப்போதும் பெர்க்மான்ஸ் சாவியை எடுக்கவில்லை. கைகட்டி நின்றபடியே என்னைப் பார்த்தான்.

"மதினி, ஒங்க பங்குக்கு அந்த உப்புக்காரத்தையும் ஒரு கை தூவி விடுங்க. மலைக்குப் போற வண்டி."