நல்லா உழைக்கிற பம்பு

குழாயைத் திறந்ததும் தண்ணீர் ஒழுங்காக சிங்க்கில் விழவில்லை. அடியில் மோதி எழும்பி, டெய்லரின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டு, வீடாக மாற்றியிருந்த வண்டியின் கூரையில் பட்டு, அன்றுதான் புது உறை போட்டு விரித்திருந்த மெத்தையின் மேல் மழையாகப் பெய்தது.

“மூடுங்க! மூடுங்க!” என்று வண்டி வாசலில் நின்ற அவர் மனைவி கத்தினாள்.

“எங்கே மூடுறது? கண்ணாடியைக் காணோம்!”

தடவித் தடவி ஒருவழியாக மூடினார். சட்டையிலிருந்து சொட்டியது. மனைவி உள்ளே ஏறி, ஈர மெத்தையை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள்.

“என்ன பம்புங்க இது? தீயணைப்பு வண்டியிலேருந்து கழட்டினதா?”

“படகுத் தளம் கழுவுற பம்பு. கொஞ்சம் பெரிசா இருந்தா நல்லதுதானேன்னு…”

துணியைக் கொஞ்சம் பெரிதாக வெட்டிவிட்டால் அப்புறம் பிடித்துக்கொள்ளலாம். சின்னதாக வெட்டிவிட்டால் யார் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. டெய்லருக்குத் தெரிந்த வேதம் இது ஒன்றுதான். சட்டைக்குச் சரிதான். பம்பைப் பிடித்துத் தைக்க முடியாது என்பது மெத்தை நனைந்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

பம்பு கடைக்கார அம்மா அப்போதே சொன்னாள். “சிங்க்குக்கு இந்தச் சின்னது போதும் சார். ரெண்டு மூணு வருஷம் தாராளமா ஓடும்.”

“ரெண்டு மூணா? பத்து வருஷம் உழைக்கிறதா குடுங்கம்மா.”

“பத்து வருஷமும் அந்த வண்டியிலேயேவா இருக்கப் போறீங்க?”

அவர் பெரிய பம்பையே காட்டிக் கட்டித் தரச் சொன்னார். அவர் மனைவிக்கு டாக்டர் கொடுத்திருந்தது ஒரு வருடம்கூட இல்லை. அப்படிப்பட்டவளுக்கு மூன்று வருடப் பம்பு வாங்கினால் டாக்டர் சொன்னதற்குத் தலையாட்டிய மாதிரி ஆகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. பத்து வருடப் பம்பு வாங்கினால் பத்து வருடம் அவளும் இருந்துதானே ஆக வேண்டும்? இதையெல்லாம் வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவருக்கே தெரியும்.

இருவரும் சேர்ந்துதான் பரிசோதனைக்குப் போயிருந்தார்கள். முடிவை வாங்கி வர அவள் மட்டும் போனாள். அவருக்குத்தான் அவசரத் துணி இருந்ததே! எப்போதும் இருக்கும். தன் கல்யாணத்தன்று காலையில்கூட யாருக்கோ கோட்டுப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்து, மணமகனைக் காணோம் என்று ஊரே தேடிய பெருமை அவருக்கு உண்டு. திரும்பி வந்தவள் துணி வெட்டும் மேசையில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

“உங்களுக்குக் கொஞ்சம் சத்து பத்தலையாம். மாத்திரை போட்டாப் போதும். எனக்குத்தான்… ரொம்ப நாள் இல்லையாம்.”

மிஷின் நின்றது.

“கடலோரமா போய் இருக்கணும் போல இருக்குங்க. காலையில ஜன்னலைத் திறந்தா கடல் தெரியணும். கடையை மூடிட்டு வர்றீங்களா?”

மூடிவிட்டார். அரைகுறையாகத் தைத்த கோட்டுகளை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் தம்பி ரொட்டி ஏற்றி ஓட்டிய பழைய வேனை வாங்கிக்கொண்டார். படுக்கை, அடுப்பு, சிங்க் எல்லாம் வைத்தார். “அங்கே நீ ஒரு பக்கெட் தண்ணி தூக்கக் கூடாது, சொல்லிட்டேன்” என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தார். மிச்சம் இருந்தது பம்பு ஒன்றுதான். பம்பு வந்ததும் கிளம்பிவிடலாம்.

மெத்தை நனைந்த சேதி கேட்டு, வேனை விற்ற மச்சினன் வந்து பார்த்தான். அவனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது; தெரிந்த விஷயம் எது என்றுதான் இதுவரை யாருக்கும் தெரியவில்லை.

“சிம்பிள் மாமா. குழாய் வாயை இறுக்கிட்டா வேகம் குறைஞ்சிடும்.”

இறுக்கினார்கள். வேகம் குறைந்தது. ஆனால் தண்ணீர் போக வழியில்லாத பம்பு நின்று நின்று உதைக்க ஆரம்பித்தது. டக்… டக்… டக்கென்று வண்டியே விக்கல் எடுத்தது.

“இதுக்கும் வழி இருக்கு மாமா. நடுவுல ஒரு சின்ன டாங்க் வச்சா அழுத்தத்தை வாங்கிக்கும்.”

சின்ன டாங்க் வைக்க சிங்க்குக்குக் கீழே இடமில்லை. கட்டிலுக்கு அடியில் இடம் இருந்தது; இருக்கிற இடத்துக்குப் பெரிய டாங்க்காகவே வாங்கித் தள்ளினார்கள். குழாய் நீண்டது. நீண்ட குழாய்க்கு மூன்று இணைப்பு போட்டார்கள், மூன்றும் ஒழுகின. ஒழுக ஒழுக, யாரோ குழாயைத் திறந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பம்பு தானாக ஓடி ஓடி பாட்டரியைக் காலி செய்தது. கிளம்ப வேண்டிய காலையில் சாவியைத் திருப்பினால் வேன் முனகக்கூட இல்லை.

கட்டி ஏற்றியிருந்த பெட்டிகளை மனைவி மறுபடியும் வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போனாள். டெய்லரும் ஒரு பெட்டியைத் தூக்கினார். மூன்றாவது படியில் மூச்சு வாங்கியது.

“வைங்க, நான் எடுத்துக்கிறேன்” என்று அதையும் அவளே பிடுங்கிக்கொண்டாள்.

“நோயாளி நீயா நானா?”

“மாத்திரை போட்டீங்களா?”

“உன் மாத்திரையைப் பாரு முதல்ல.”

“எனக்குத் துணைக்கு நீங்களும் போடணும். தனியா முழுங்கினா எனக்குத் தொண்டையில இறங்காது.”

அதற்காகவே வேளை தவறாமல் போட்டுக்கொண்டார். கவலையில் அவருக்கு இடுப்பு இளைத்து, கால்சட்டையை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாயிற்று. அவள் என்னவோ நன்றாகத்தான் இருந்தாள். அவருக்காகத்தான் வலியைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கிறாள் என்று நினைத்து நினைத்து, அவள் சிரிக்கும்போதெல்லாம் இவர் எழுந்து வெளியே போனார்.

கடைசியில் பெருமையை விட்டுவிட்டு அந்தச் சின்னப் பம்பையே வாங்கினார். மச்சினன் மாட்டினான். “பாருங்க மாமா, சத்தமே இல்லை” என்றான். சத்தம் இல்லைதான். தண்ணீரும் இல்லை; வண்டியின் தண்ணீர் டாங்க்கை யாரும் நிரப்பவில்லை. வெறும் டாங்க்கில் ஓடிய பம்பு கருகி, உள்ளே புகை நாற்றம் வந்த பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மச்சினன் ஒரு அவசர வேலையை ஞாபகப்படுத்திக்கொண்டு போய்விட்டான்.

டெய்லர் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். நாள் போய்க்கொண்டே இருக்கிறது. அவள் கேட்டது ஒரே ஒரு கடல். ஊர் உலகத்துக்கெல்லாம் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தவருக்கு, கட்டியவள் ஆசைப்பட்ட ஒன்றைச் செய்து முடிக்கத் துப்பில்லை.

மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பம்பு இல்லாட்டி போகுதுங்க. ஒரு மக் இருந்தாப் போதாதா? நான் தண்ணி தூக்கிட்டு வரமாட்டேனா? எனக்கென்ன?”

“உனக்கென்னன்னா கேக்கிறே?” என்று அவர் இன்னும் அழுதார்.

அவள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவர் வலது கால் அது பாட்டுக்குத் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. கடையை மூடியதிலிருந்து இப்படித்தான். உட்கார்ந்தால் மிதிக்கும், தூக்கத்தில்கூட மிதிக்கும்.

“இந்தக் கால் சும்மாவே இருக்காது” என்று சொல்லி, அந்தக் காலையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெய்லருக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. கரண்ட் எதற்கு? பாட்டரி எதற்கு? காலால் மிதிக்கிற பம்பு என்று ஒன்று இருக்குமே! கெட்டுப்போக அதில் என்ன இருக்கிறது? அவள் கை கழுவட்டும், அவர் மிதிக்கட்டும். வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைதானே?

கடைக்கார அம்மாவிடம் அந்தச் சாமான் இல்லை. ஊரின் மறுகோடியில் பழைய படகுச் சாமான் விற்கும் பெரியவரிடம் கேட்கச் சொன்னாள். மனைவியிடம் ஒன்றும் சொல்லாமல், வேலை முடிந்த பிறகு காட்டிக்கொள்ளலாம் என்று டெய்லர் கிளம்பினார்.

பெரியவர் ஒரு பித்தளைப் பம்பை எடுத்துத் தரையில் வைத்தார். “உங்களுக்கு அப்புறமும் இது இருக்கும்” என்றார்.

டெய்லர் மிதித்துப் பார்த்தார். நாலு மிதியில் நெஞ்சு அடைத்துக்கொண்டு வந்தது. கடைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்னங்க, உக்காருங்க.”

“ஒண்ணுமில்லை, நடந்து வந்த களைப்பு. எனக்கு இது போதும். என் வீட்டுக்காரி மிதிக்கணும்னு ஆசைப்பட்டா அவளுக்குத்தான் கஷ்டம். இதைவிட லேசா இல்லையா?”

பெரியவர் மேசைக்கு அடியில் காகிதம் சுற்றி வைத்திருந்த ஒன்றை யோசித்து யோசித்து எடுத்துக் காட்டினார். டெய்லர் பாதத்தை மெதுவாக வைத்தார். கட்டைவிரல் அழுத்தத்துக்கே இறங்கி, தானாக மேலே வந்தது. அவருடைய மிஷின் மாதிரியே இருந்தது. இவ்வளவு நாளில் முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது.

“இதையே கட்டிக் குடுங்க.”

“பார்க்கத்தாங்க காட்டினேன். லேசா மிதிக்கிறதா வேணும்னு ஒருத்தங்க கேட்டு எடுத்து வைக்கச் சொன்னது இது. நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்காங்க.”

“அவங்களுக்கு வேற வரவழைச்சுக் குடுங்க.”

“வர ஒரு மாசமாகும். அவங்க தாங்க மாட்டாங்க.”

“என்னால மட்டும் தாங்க முடியுமா?” டெய்லர் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டார். மச்சினனைத் தவிர யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை. “என் வீட்டுக்காரி பொழைக்க மாட்டா. டாக்டர் சொல்லிட்டாரு. கடலைப் பார்க்கணும்னு என்கிட்ட வாய்விட்டுக் கேட்டது இது ஒண்ணுதான். இந்தப் பம்பை மாட்டிட்டா நாளைக்கே கூட்டிட்டுப் போயிடுவேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பம்பை மறுபடியும் காகிதத்தில் சுற்றித் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

“உங்க கஷ்டம் புரியுதுங்க, ஆனா இதைச் சொல்லிவச்ச அம்மாவுக்கும் அதே கஷ்டம்தான், அவங்க வீட்டுக்காரர் பொழைக்க மாட்டார்னு டாக்டர் சொல்லிட்டாராம், வியாதி அவருக்குன்னு சொன்னா அந்த டெய்லர் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்க மாட்டார்னு, வியாதி தனக்குத்தான்னு பொய் சொல்லி அவரைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம்.”